உஷார்! கம்பளிக்குள் ஒரு கணப்பு

இரவு பதினொரு மணி. வெளியே ஊட்டி விறைத்துக் கிடக்கிறது. உள்ளே ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்து, இரண்டு கம்பளிக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான் உங்கள் பையன். மடியில் லேப்டாப். விளையாட்டு சூடு பிடித்துவிட்டது. “என்னடா, ஃபேன் இப்படிக் கத்துது?” என்று கேட்டுப் பாருங்கள். “ஊட்டியில போய் லேப்டாப் சூடாகுமாம்மா?” என்று குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொள்வான்.

ஆகும். அந்தக் கம்பளியால்தான் ஆகும்.

கேமிங் லேப்டாப்பின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 180 வாட், 230 வாட் என்று அச்சிட்டிருக்கும். விளையாட்டின் உச்சத்தில் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். பழைய நூறு வாட் குண்டு பல்பு இரண்டை எரியவிட்டு, மேலே கம்பளியைப் போர்த்துவீர்களா? கட்டிலில் நடப்பது அதுதான். பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகள் காற்றை அடிப்பக்கத்துத் துளைகள் வழியாக உறிஞ்சி, பின்புறமும் பக்கவாட்டிலும் தள்ளுகின்றன. மெத்தையில் வைத்தால் உறிஞ்சும் வாய் மூடிக்கொள்கிறது. கம்பளி ஓரம் சரிந்தால் தள்ளும் வாயும் அடைபடுகிறது. உள்ளே இருக்கும் பிராசஸர் 95, 100 டிகிரி செல்சியஸை எட்டியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் விளையாட்டு திக்கித் திக்கி நகரும். பையன் நெட்வொர்க்கைத் திட்டுவான்.

மலைக்காற்றைப் பற்றியும் ஒரு தப்புக்கணக்கு உண்டு. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850. ஊட்டிக் காற்றின் அடர்த்தி சென்னைக் காற்றில் ஐந்தில் நான்கு பங்குதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் காற்றின் எடை குறைவு. அது சுமந்து போகும் சூடும் குறைவு. குளிர் கொடுத்த சலுகையில் பெரும்பங்கை உயரம் திருப்பி வாங்கிக்கொள்கிறது. தயாரிப்பாளர்களுக்கு இது தெரியும். லெனோவோ திங்க்பேட் கையேடுகளில், 2,438 மீட்டர் வரை 35 டிகிரி வெப்பத்தில் இயக்கலாம், அதற்கு மேலே 31.3 டிகிரிதான் வரம்பு என்று போட்டிருக்கிறார்கள். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அங்கே யாரும் உட்கார்ந்து விளையாடப் போவதில்லை, உண்மைதான். ஆனால் ஊட்டி வீடுகள் அந்த 2,438 மீட்டர் கோட்டுக்கு வெறும் இருநூறு மீட்டர் கீழேதான் இருக்கின்றன. கோடையை நம்பவும் முடியாது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது. இங்கே பல வீடுகளில் சீலிங் ஃபேனே கிடையாது என்பது வந்துபோகும் டூரிஸ்ட்டுகளுக்குக்கூடத் தெரியும்.

என் அக்கா மகனின் லேப்டாப் போன டிசம்பரில் அடிக்கடி தானாக அணைந்தது. பழுதுபார்க்கிறவர் அடிமூடியைக் கழற்றியதும் நான் எட்டிப் பார்த்தேன். ஃபேனுக்கும் செம்புக் குழாய் முனையிலுள்ள தகடுகளுக்கும் நடுவே சிவப்பாக ஒரு படலம், ஃபெல்ட் துணி வெட்டி வைத்ததுபோல. அவன் போர்த்திக்கொள்ளும் கம்பளி என்ன நிறம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன்மேல் வர்க்கித் துகள் வேறு. சமவெளியில் லேப்டாப்பைத் தூசி அடைக்கிறது; மலையில் ஸ்வெட்டர், சால்வை, கம்பளி உதிர்க்கும் நூல்பஞ்சு அடைக்கிறது. தூசியைவிட இது கெட்டியாகப் படியும், வெளியே தெரியாது. குளிர்காலம் தொடங்குமுன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மெஷின் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பையனின் தொடையைப் பாருங்கள்.

குளிருக்கு மடிச்சூடு சுகமாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து. கொப்புளம் போடாத, வலிக்காத சூடு, 43 முதல் 47 டிகிரி அளவில், தினம் பல மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் தோலில் வலை பின்னியதுபோலப் பழுப்புத் தழும்பு விழும். மருத்துவர்கள் இதை எரிதீமா அப் இக்னே என்பார்கள். அடுப்பருகே குந்தியிருந்த பழைய தலைமுறைக்கு வந்த நோய் இது. 2010-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி எழுதினார்கள். மாதக்கணக்கில் தினமும் பல மணி நேரம் மடியில் லேப்டாப் வைத்து விளையாடியவன். இடது தொடையில் மட்டும் தழும்பு. இடப்பக்கம் சுடுகிறது என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் நகர்த்தவில்லை. காஷ்மீரில் ஃபெரன் அங்கிக்குள் கங்ரி என்னும் கரிச்சட்டியை வைத்துக்கொள்கிறவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்றுநோய் வருவதை 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே மருத்துவர்கள் எழுதிவருகிறார்கள். லேப்டாப் கங்ரி அல்ல. ஒரு சீசனில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் தொடையில் வலைத்தழும்பைக் கண்டபின்னும் மடியில் வைக்க விடாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது நெருப்பு. 2022 ஏப்ரலில் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், வீட்டிலிருந்து வேலை பார்த்த இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர் சார்ஜில் இருந்த லேப்டாப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது தீப்பிடித்துப் படுகாயமடைந்தார். மின்கசிவு என்று செய்தி வந்தது. மெத்தை, போர்வை, சார்ஜர், மனிதர் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் சிறு பொறிக்கும் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்து, கரண்ட் போய்ப் போய் வரும். (1932-லிருந்து பைக்காரா தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் மலைக்கு இந்த நிலைமை!) கரண்ட் திரும்பும்போது ஏறி இறங்கும் வோல்டேஜை அடாப்டர்தான் தாங்க வேண்டும். கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். வந்து பத்து நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

சூட்டைத் தணிக்கப் பிள்ளைகள் செய்யும் வைத்தியங்கள் அதைவிட மோசம். ஜன்னலைத் திறந்து லேப்டாப்பை மூடுபனிக்குக் காட்டுகிறார்கள். மூடுபனி என்பது மிதக்கும் நீர்த்துளி. ஃபேன் அதை உள்ளே இழுக்கும். ஐஸ் பையை அடியில் வைப்பதும் ஈரத்தை வரவழைப்பதுதான். இரவு முழுக்க ஜன்னலோரம் குளிர்ந்து கிடந்த லேப்டாப்பை, ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுவந்து உடனே ஆன் செய்யாதீர்கள். சூடான டீயின் ஆவி பட்டால் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதுதான் சர்க்யூட் போர்டின் மேலும் நடக்கும். பையில் போட்டு மூடி, ஒரு மணி நேரமாவது அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் ஜனவரி காலைகளில் காருக்குள் கிடந்த லேப்டாப்பை உடனே சார்ஜும் போடாதீர்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரிக்குள் உலோகம் படியும், பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

விடிய விடிய விளையாடும் அறையில் கரியடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கி எழாமலே போனவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

செலவில்லாத வழிகள் போதும். மர மேசை, இல்லாவிட்டால் அகலமான டீ டிரே. பின்பக்கத்தை இரண்டு விரல்கட்டை உயர்த்த ஒரு பழைய நோட்டுப் புத்தகம். விளையாட்டு செட்டிங்கில் ஃப்ரேமை 60-க்குக் கட்டிப்போடுங்கள். ஃபேன் சத்தம் குறைவதை நீங்களே கேட்பீர்கள். கூலிங் பேட் வாங்கினால் ஓரளவு உதவும், ஆனால் பஞ்சு அடைத்த லேப்டாப்புக்கு அடியில் அதை வைப்பது வீண்செலவு.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். லேப்டாப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சமமான மேசையில் வையுங்கள். ஒரு மூலையை மெல்லத் தொட்டால், கால் சரியில்லாத நாற்காலி போல ஆடுகிறதா? டச்பேட் மேலே துருத்துகிறதா, மூடி முழுக்கச் சாத்த மறுக்கிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள். கட்டிலிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் தள்ளி, சிமென்ட் தரையில் வைத்துவிட்டு, காலையில் முதல் வேலையாகச் சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். பையன் கத்துவான். கத்தட்டும்.