பாஸ்டனிலிருந்து பெரியகுளத்துக்கு
(தொடர் - 9)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெரியகுளம் மிஷன் வீட்டிலிருந்து குதிரையேறிய அமெரிக்கப் பாதிரியாருக்கு ஊழிய எல்லை பெரிது. கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் இருந்த சிறு சபைகள், திண்ணைப் பள்ளிகள், உபதேசியார்கள் எல்லாம் அவர் பொறுப்பு. உபதேசியாருக்கும் வாத்தியாருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் பாஸ்டனிலிருந்து வந்தது.

1810-இல் தொடங்கிய அமெரிக்கன் போர்டு என்ற சங்கம்தான் 1834-இல் மதுரை மிஷனை நிறுவியது. அதன் பணத்தில் பெரும்பகுதி நியூ இங்கிலாந்து போன்ற பகுதிகளின் சபைகள் கொடுத்த காணிக்கை. சங்கத்தின் 'மிஷனரி ஹெரால்ட்' இதழ் எந்த ஊரிலிருந்து எவ்வளவு வந்தது என்பதைச் சென்ட் கணக்குவரை அச்சிட்டது. ஒரு டாலர் கொடுத்தவரும் தன் ஊரின் பெயரை அதில் தேடிப் பார்க்கலாம். அந்த நேர்மை இன்றைக்கும் பாராட்டத்தக்கது.

கணக்கு மட்டும் பணம் சேர்க்காது, கதையும் வேண்டும். பாஸ்டனில் பிறந்த டேவிட் காயிட் ஸ்கடர் 1861-இல் மனைவியோடு கப்பலேறினார். அந்த டிசம்பரில் மதுரையில் மகள் பிறந்தாள். பெரியகுளத்தில் வேலையைத் தொடங்கியிருந்தவர், 1862 நவம்பர் 19 அன்று வெள்ளம் வந்த வைகையைக் கடக்கும்போது மூழ்கி இறந்தார். வயது 27. தம்பி ஹோரஸ் ஸ்கடர் அண்ணனின் கடிதங்களைத் தொகுத்து 1864-இல் வாழ்க்கை வரலாறாக வெளியிட்டார். இத்தகைய நூல்களால்தான் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தென்னிந்தியா தெரிந்த இடமாயிற்று. தாயோடு பாஸ்டன் திரும்பிய அந்தக் குழந்தைதான் பின்னாளில் எழுத்தாளராகவும் சமூகச் செயற்பாட்டாளராகவும் அறியப்பட்ட வைடா ஸ்கடர்.

தூரத்துப் பணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இதே சங்கம் நடத்திய விடுதிப் பள்ளிகளில், செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயரையே தமிழ்ப் பிள்ளைக்குச் சூட்டினார்கள். 1837-இல் அமெரிக்காவில் வங்கிகள் முடங்கியபோது சங்கத்தின் வரவு சுருங்கியது. யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு நாட்டின் வங்கி நெருக்கடி மறுகரையில் ஒரு குழந்தையின் பலகையைப் பிடுங்கும் என்றால், அந்த ஏற்பாட்டில் ஏதோ கோணல் இருக்கிறது.

அதை நிமிர்த்தியவர்களும் யாழ்ப்பாணத்தார்தான். அங்கிருந்த கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் காசில் இராமநாதபுரக் கரையின் தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1902-இல் இதைப் பார்த்த திருநெல்வேலிக்காரர் வேதநாயகம் அசரியா ஊர் திரும்பியதும், 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. திருநெல்வேலிப் பணம் ஹைதராபாத் சமஸ்தானத்தின் தோர்ணக்கல்லுக்குப் போனது. 1905-இல் வந்த தேசிய மிஷனரி சங்கம் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதையே கொள்கையாக வைத்தது.

பணம் கைமாறியது அடுப்படியில். உலை வைக்கும்போது ஒரு பிடியை ஒதுக்கும் பிடியரிசிக் காணிக்கை, மேசைமேல் மிஷனரி உண்டியல், அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகும் வாழைத்தாரும் சேவலும்: தமிழ்ச் சபைகள் கண்ட வழிகள் இவை. பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில், ரொக்கம் இல்லாத வீட்டிலும் கொடுப்பதற்கு ஒரு பிடி இருக்கும்.

இன்று வெளிநாட்டு நன்கொடைக்கு விதிகள் இறுகிவிட்டன. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்குத்தான் முதலில் வர வேண்டும். தமிழ்ச் சபைகளோ ஜெபக்குழுக்களாகச் சேர்ந்து ஒரு மிஷனரியைத் 'தாங்குகின்றன'. குஜராத்தின் டாங்ஸ் வரைக்கும் ஜார்க்கண்டின் மால்டோ மக்கள் வரைக்கும் அந்தப் பணம் போகிறது. ஆக, அன்று பாஸ்டன் இருந்த இடத்தில் இன்று நாம் இருக்கிறோம். அந்த ஊழியக் களங்களிலிருந்து வரும் செய்திமடலில் படமும் எண்ணிக்கையும் நிறைய. அந்த மலைமக்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய பத்தி ஒன்றையாவது கேட்டு வாங்கும் கடமை, பணம் அனுப்பும் ஒவ்வொரு குழுவுக்கும் உண்டு.

(தொடரும்)