யாரா பென்ட் பூங்கா: மெல்பேர்ண் நகரின் ஆற்றங்கரைப் புதர்க்காடு

யாரா பென்ட் பூங்கா, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகரான மெல்பேர்ணில் யாரா ஆற்றின் இரு கரைகளிலும் பரந்துள்ள புதர்க்காட்டுப் பூங்கா ஆகும். நகர மையத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவில் உள்ளது. இதன் பரப்பு சுமார் 260 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 640 ஏக்கர். மெல்பேர்ணின் உள்நகரப் பகுதியில் இயற்கைத் தாவரங்கள் எஞ்சியிருக்கும் மிகப் பெரிய நிலம் இதுவே. 'பார்க்ஸ் விக்டோரியா' என்னும் அரசு அமைப்பு இதைப் பராமரிக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

பூங்கா என்றவுடன் பூப்பாத்திகளும் நீரூற்றும் நம் நினைவுக்கு வரும். இங்கே அவற்றைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆஸ்திரேலியர் 'புஷ்' என்று அழைக்கும் காடு இது. யூகலிப்டஸ் மரங்களும் வாட்டில் எனப்படும் வேல மர இனங்களும் புதரும் புல்லும் கலந்து, தானாக வளர்ந்தும் மீண்டும் நடப்பட்டும் உள்ள காடு. சுமார் ஐம்பது லட்சம் மக்கள் வாழும் நகரத்தின் நடுவில் இவ்வளவு நிலம் வீட்டுமனையாகாமல் எப்படித் தப்பியது? இந்தப் பூங்காவைப் பற்றி மாணவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். அதற்கான விடை இயற்கையை நேசித்தோரிடம் மட்டும் இல்லை. நகரம் தன் கண்ணில் படக்கூடாது என்று எதையெல்லாம் ஒதுக்கி வைத்ததோ, அவற்றின் கதையில்தான் பெரும்பகுதி விடை இருக்கிறது.

ஆறும் பாறையும்

யாரா ஆறு 242 கி.மீ. நீளமுடையது. கிழக்கே மலைத்தொடரில் தோன்றி மெல்பேர்ண் வழியாக போர்ட் பிலிப் விரிகுடாவில் கலக்கிறது. இந்நிலத்தின் பூர்வகுடிகளான வுருஞ்சேரி மக்கள் தங்கள் வோய்வுருங் மொழியில் இதை 'பிர்ரருங்' என்பர். 'யாரா' என்ற பெயர் ஒரு பிழையால் வந்தது. 1835இல் நில அளவையாளர் ஜான் வெட்ஜ், உடன் வந்த பூர்வகுடியினர் நீர் விழுந்தோடுவதைக் காட்டிச் சொன்ன 'யாரா யாரா' என்ற சொல்லை ஆற்றின் பெயர் எனக் கருதி எழுதிக்கொண்டார். அதுவே நிலைத்துவிட்டது. ஆற்று நீர் எப்போதும் மண்ணிறமாக இருக்கும். நுண்ணிய களிமண் துகள்கள் நீரில் மிதந்து வருவதே காரணம். சாக்கடை என்று எண்ணிவிட வேண்டாம்.

பூங்காவின் தென்மேற்கு முனையில் மெர்ரி ஓடை யாராவுடன் கலக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே டைட்ஸ் அருவி உள்ளது. பெயர்தான் அருவி, குற்றாலத்தை நினைத்துக்கொண்டு போகக்கூடாது. பாறைத் தடுப்பு ஒன்றின்மேல் கட்டிய தாழ்ந்த தடுப்பணை இது. ஜான் டைட் என்பவர் இங்கே நீர்விசையால் இயங்கும் மாவு ஆலை ஒன்றை நிறுவினார். மெல்பேர்ணின் தொடக்ககால ஆலைகளில் அது ஒன்று. கடலின் ஏற்றவற்றம் ஆற்றில் இதுவரைதான் எட்டுகிறது. கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே இடம்பெயரும் மீன்களுக்கு இந்த அணை தடையாக இருந்ததால், அவை ஏறிச்செல்ல ஒரு மீன்வழி அமைக்கப்பட்டுள்ளது.

இவ்விடத்தில் நின்று இரு கரைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நிலவியல் பாடம் ஒன்றைப் படிப்பதற்குச் சமம். கிழக்குக் கரையில் செங்குத்தான மஞ்சள்பழுப்புப் பாறைச் சுவர் எழுகிறது. அடுக்கடுக்காகச் சாய்ந்து மடிந்திருக்கும் அது 40 கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலடியில் படிந்த வண்டலும் மணலும் இறுகி உண்டானது. மேற்குக் கரையில் இருப்பதோ கருநிற எரிமலைப் பாறை. வடக்கே எரிமலை கக்கிய குழம்பு மெர்ரி ஓடையின் பள்ளத்தாக்கு வழியாக வழிந்து வந்து, சுமார் 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே உறைந்தது. குழம்பு பழைய பள்ளத்தாக்கை நிரப்பிவிட, ஆறு தனக்குப் புதுவழி தேடி, உறைந்த பாறைக்கும் பழைய குன்றுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. இடையில் கோடிக்கணக்கான ஆண்டுகள். அகலமோ ஓர் ஆற்றின் அகலம்!

ஒதுக்கப்பட்டோரின் நிலம்

ஓடையும் ஆறும் கூடுமிடம் வுருஞ்சேரி மக்கள் கூடி வாழ்ந்த இடம். 1835இல் ஐரோப்பியர் குடியேறத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அவர்கள் நிலத்தை இழந்தனர். நோயும் பசியும் அவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. 1840களில் இக்கூடலருகே பூர்வகுடியினரைக் கண்காணிக்கும் அரசுப் 'பாதுகாவலர்' நிலையம் ஒன்று இயங்கியது. 1845இல் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான மெர்ரி ஓடைப் பள்ளி தொடங்கி 1851இல் மூடப்பட்டது. பள்ளி என்ற சொல் நமக்கு இனிமையாகக் கேட்கலாம். தம் மொழியையும் வாழ்முறையையும் மறக்கச் செய்வதற்காகவே நடத்தப்பட்ட பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கியதில் வியப்பில்லை.

1848இல் ஆற்று வளைவுக்குள் யாரா பென்ட் மனநோயர் காப்பகம் திறக்கப்பட்டது. விக்டோரியாவின் முதல் மனநோயர் காப்பகம் அதுவே. 'பென்ட்' என்றால் வளைவு. நிலப்படத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆறு சுற்றி வளைத்து ஓடுவதால் நிலம் தீவு போலத் தனித்து நிற்கிறது. மதிலின் வேலையில் பாதியை ஆறே செய்துவிடுகிறது. அந்தக் காப்பகம் 1925இல் மூடப்பட்டது. 1904இல் அருகே ஃபேர்ஃபீல்ட் தொற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. தொண்டை அடைப்பான், இளம்பிள்ளை வாதம் எனக் காலத்துக்குக் காலம் நகரம் எதற்கு அஞ்சியதோ, அந்த நோயாளிகள் இங்கே வந்து சேர்ந்தனர். 1980களில் எய்ட்ஸ் நோயாளிகளும் வந்தனர். 1996இல் மருத்துவமனை மூடப்பட்டது. எய்ட்ஸால் இறந்தோருக்காக அமைக்கப்பட்ட நினைவுத் தோட்டம் அந்த வளாகத்தில் இன்றும் இருக்கிறது. 1956 முதல் 1996 வரை ஃபேர்லீ பெண்கள் சிறையும் இப்பகுதியில்தான் இருந்தது. 1982இல் அங்கு நேர்ந்த தீ விபத்தில் மூன்று பெண்கள் உயிரிழந்தனர்.

பூர்வகுடியினர், மனநோயர், தொற்றுநோயர், கைதிகள். இவர்களை வைப்பதற்கென அரசு தன் கையில் வைத்திருந்ததால்தான் இந்த நிலத்தின் பெரும்பகுதி மனை விற்பவர் கைக்குப் போகவில்லை. மறுகரையில் ஸ்டட்லி பூங்காப் பகுதி 19ஆம் நூற்றாண்டிலேயே பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்டது. இவ்விரு பகுதிகளும் பின்னர் ஒரே பூங்காவாயின. இன்று அங்கே நடைபோடுவோரில் பலர் இதை அறியார். காப்பகம் இருந்த நிலத்தில் இப்போது கோல்ஃப் பந்து உருள்கிறது.

ஆனாலும் பூங்கா முழுமையாகத் தப்பவில்லை. 1977இல் திறக்கப்பட்ட கிழக்கு விரைவுச்சாலை இதைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. பல இடங்களில் பறவை ஒலியோடு வாகன இரைச்சலும் சேர்ந்தே கேட்கும்.

வௌவால்கள் குடியேறிய கதை

ஒதுக்கப்பட்டோர் வரிசையில் கடைசியாக வந்தவை சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால்கள். இறக்கையை விரித்தால் ஒரு மீட்டர் அகலம், ஒரு கிலோ வரை எடை. ஆஸ்திரேலியாவில் மட்டுமே வாழும் இனம். மெல்பேர்ணின் அரச தாவரவியல் தோட்டத்தில் இவை ஆயிரக்கணக்கில் தங்கி அரிய மரங்களைச் சிதைத்தன. 2003இல் ஒலியெழுப்பி அவற்றை அங்கிருந்து விரட்டினர். ஆற்றின் மேற்பகுதியில் அவற்றுக்கென ஓரிடம் தேர்ந்தெடுத்து வைத்திருந்தனர். வௌவால்களோ அதை ஏற்கவில்லை. அங்குமிங்கும் அலைந்து, யாரா பென்ட்டில் பெல்பேர்ட் எனப்படும் ஆற்றோரத்தைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டன. கோடைக் கடைசியில் இவற்றின் எண்ணிக்கை பல்லாயிரமாகும், குளிர்காலத்தில் குறைந்துவிடும்.

இவை யூகலிப்டஸ் பூக்களின் தேனைத் தேடி ஓரிரவில் பல பத்துக் கிலோமீட்டர் பறக்கும். போகுமிடமெல்லாம் மகரந்தத்தையும் விதையையும் கொண்டுசெல்லும். துண்டுதுண்டாகிப்போன காடுகளுக்கிடையே மகரந்தம் சுமக்கும் இவ்வேலையைச் செய்ய வேறு விலங்குகள் குறைவு. தேசிய அளவில் அழியும் அபாயத்துக்குட்பட்ட இனமாக இது பட்டியலிடப்பட்டுள்ளது. வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டினால் இவற்றால் உடல்வெப்பத்தைத் தணிக்க இயலாது. 2019 டிசம்பர் வெப்ப அலையில் இப்பூங்காவில் மட்டும் 4,000க்கும் மேற்பட்ட வௌவால்கள் மடிந்தன. வேறெங்கே போகும் அவை?

செல்வோர் அறியவேண்டியவை

தொடர்வண்டியில் வருவோர் விக்டோரியா பார்க் நிலையத்தில் இறங்கினால் டைட்ஸ் அருவிக்கு நடந்தே போகலாம். பூங்காவின் வடபகுதியைப் பார்க்க ஃபேர்ஃபீல்ட் நிலையம் வசதி. நேரம் குறைவாக உள்ளவர்கள் அருவியிலிருந்து ஆற்றோரமாக ஸ்டட்லி பூங்காப் படகுத்துறை வரை நடந்தால் போதும் என்பது என் கருத்து. அந்தப் படகுத்துறை 1863 முதல் இருந்துவருகிறது. துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். பக்கத்திலேயே கேன்ஸ் பாலம் என்னும் நடைத் தொங்குபாலம் உள்ளது. முன்பிருந்த பாலத்தை 1934 வெள்ளம் அடித்துச் சென்றபின் மீண்டும் கட்டப்பட்டது இது. நடக்கும்போது லேசாக ஆடும். குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம்.

இந்தப் பூங்காவிலேயே உள்ளது 'டீப் ராக்' என்ற இடம். 1918இல் சாலமன் தீவுகளைச் சேர்ந்த நீச்சல் வீரர் அலிக் விக்கம், பல்லாயிரம் பேர் பார்த்திருக்க இங்குள்ள குன்றின் மேலிருந்து ஆற்றில் பாய்ந்தார். உயரம் 205 அடி என அன்று பதிவாயிற்று. அவ்வளவு உயரம் இருந்திருக்குமா என்று பின்னர் ஐயம் எழுப்பியோரும் உண்டு. இன்று அதைப் பார்த்து யாரும் நீரில் இறங்க வேண்டாம். நீருக்கடியில் மரக்கட்டைகள் உள்ளன. மழை பெய்த பின் நகரத்தின் கழிவெல்லாம் வடிகால்கள் வழியாக ஆற்றில்தான் சேர்கிறது.

கரையோரம் நிற்கும் பெரிய மரங்கள் ஆற்றுச் செம்பிசின் மரங்கள். யூகலிப்டஸ் வகைகளில் ஒன்றான இதைத் தமிழ்நாட்டிலும் தைலமரத் தோப்புகளில் காகிதக்கூழுக்காக வளர்க்கிறார்கள். நம் ஊர்த் தோப்புகளில் சில ஆண்டுகளிலேயே வெட்டிவிடுவதால் அதன் முழு உருவத்தை நாம் பார்ப்பதே இல்லை. இங்கே நூற்றாண்டுகள் கண்ட மரங்களின் பொந்துகளில் கிளிகளும் போசம்களும் குடியிருக்கின்றன. ஒன்றை மறக்கக்கூடாது: காற்றே இல்லாத நாளிலும் இம்மரம் பெரிய கிளையைத் திடீரென உதிர்க்கும். நிழல் நன்றாக இருக்கிறதென்று கிளைக்கு நேர்கீழே பாய் விரிக்காதீர்கள்.

வெயில் மாதங்களில் பாம்புகள் நடமாடும். நச்சு மிக்க புலிப்பாம்பும் அவற்றுள் ஒன்று. எனவே பாதையைவிட்டு விலகி உயர்ந்த புல்லுக்குள் போகவேண்டாம். கடித்துவிட்டால் ஓடவோ நடக்கவோ கூடாது. காயத்தைக் கழுவாமல், கை அல்லது கால் முழுவதும் அழுத்தமாகத் துணிக்கட்டுப் போட்டு, அசையாமல் இருந்து 000 எண்ணை அழைக்க வேண்டும். பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள். காட்டுத்தீ அபாயம் மிக உச்சத்தில் உள்ள நாள்களில் பூங்கா மூடப்படலாம். கோடையில் கிளம்புமுன் அன்றைய அறிவிப்பைப் பார்ப்பது நல்லது.

கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை, அது குட்டியாயினும், வெறுங்கையால் தொடக்கூடாது. வெறிநாய்க்கடி நோயை ஒத்த லிஸ்ஸா வைரஸ் அதனிடம் இருக்கக்கூடும். வனவிலங்கு மீட்போருக்குத் தகவல் சொன்னால் போதும். மரத்தடியில் நிற்போர் தொப்பி அணிவது நலம். காரணத்தை அங்கே போனதும் அறிவீர்கள்.

இவை கூட்டமாகக் கிளம்புவதைப் பார்க்க யாரா புலவார்டு சாலையோரம் உள்ள பெல்பேர்ட் பகுதி ஏற்ற இடம். கதிரவன் மறைந்து ஏறத்தாழ இருபது நிமிடத்தில் முதல் வௌவால் எழும். மெல்பேர்ணில் ஜனவரியில் இரவு எட்டே முக்கால் ஆனால்தான் சூரியன் மறையும். ஆகவே குழந்தைகளுக்கு இரவு உணவைக் கையோடு கொண்டுபோவது நல்லது. திரும்பும் பாதையில் விளக்குகள் இல்லை. ஒரு கைவிளக்கும் வேண்டும்.