சொந்தச் சேவையகத்திற்கு ஏற்ற முறைமையைத் தேர்தல்

கணினியின் உறுப்புக்களை ஆண்டு, ஏனைய மென்பொருள்கள் இயங்குதற்கு இடமளிக்கும் அடிப்படை மென்பொருள் பணிசெயல் முறைமை எனப்படும். ஒருவர் தம் கடிதங்களையும் புகைப்படங்களையும் ஆவணங்களையும் தம் இல்லத்துக் கணினி ஒன்றிற் சேமித்து, வேண்டியபோது பிற கருவிகள் வாயிலாகப் பெறுவாராயின், அக்கணினி அவருடைய சேவையகமாகும். அஃது இரவும் பகலும் இயங்குவது. வலைப்பின்னலுடன் எப்பொழுதும் இணைந்திருப்பது. ஆதலின் அதற்குரிய முறைமையை ஆராய்ந்தே தேர்தல் வேண்டும்.

இப்பணிக்குப் பலரும் நாடுவன யுனிக்ஸ் மரபைச் சார்ந்த கட்டற்ற முறைமைகளாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் 1969 இல் தொடக்கிய யுனிக்ஸின் மரபு இரு கிளைகளாக நம்மை வந்தடைந்தது. ஒன்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் யுனிக்ஸையே திருத்தியும் விரித்தும் வளர்த்த கிளை. 1993 இல் தோன்றிய பிரீபிஎஸ்டியும், 1995 இல் நெட்பிஎஸ்டியினின்று பிரிந்த ஓப்பன்பிஎஸ்டியும் இதன் வழியின. மற்றையது, யுனிக்ஸின் நிரலைக் கொள்ளாது அதன் அமைப்பை மட்டும் பின்பற்றிய கிளை. 1983 இல் றிச்சட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும், 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இதன்கண் ஒன்றுசேர்ந்தன.

இவை யாவும் விலையின்றிக் கிடைத்தலின், எதனைத் தேர்ந்தால் என்ன என்று சிலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. சென்டோஸ் என்னும் லினக்ஸ் தொகுப்பின் வரலாறு இதற்குச் சான்றாகும். அதன் எட்டாம் பதிப்பு 2019 செப்டம்பரில் வெளிவந்தது. 2029 வரை பேணப்படும் என்று நம்பிப் பலர் அதனை நிறுவினர். 2020 டிசம்பரில், அதனை ஆதரித்துவந்த றெட் ஹற் நிறுவனம், 2021 இறுதியுடன் அப்பதிப்பு நிறுத்தப்படும் என அறிவித்தது. பத்தாண்டு நம்பிக்கை ஓராண்டில் முடிந்தது. நிரல் கட்டற்றதாதலின் பிறர் அதனைக் கொண்டு றொக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்பனவற்றை 2021 இல் வெளியிட்டனர் என்பது உண்மையே. எனினும், உரிமம் அளிப்பது நிரலையே அன்றி அதன் பேணுகையை அன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே ஆராயவேண்டியவை மூன்று: முறைமையைப் பேணுவோர் யாவர்? எத்துணைக் காலம் பேணுவர்? பழுது நேரின் உரிமையாளர் தாமே திருத்த இயலுமா?

1993 இல் தொடங்கிய டெபியன் எந்நிறுவனத்தின் உடைமையும் அன்று. தன்னார்வலர்கள் தம் தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தெரிவுசெய்கின்றனர். ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒரு நிலைப்பதிப்பு வெளிவரும். நீடித்த ஆதரவையும் சேர்த்தால் ஒரு பதிப்பு ஐந்தாண்டளவு பேணப்படும். வழிகாட்டும் நூல்களும் பலவாதலின், புதிதாகத் தொடங்குவோர்க்கு இஃது ஏற்றது. பிரீபிஎஸ்டியிற் கருவும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவினரால் ஒருங்கே ஆக்கப்படுகின்றன; கையேடும் தெளிவானது. சேமித்த தரவு காலத்தாற் சிதைந்துளதா எனச் சரிபார்க்கும் இசட்எப்எஸ் என்னும் கோப்பு முறைமை அதனுடன் வருதலின், பெருந்தொகையான ஆவணங்களைக் காப்போர்க்கு அது பயன்தரும். ஓப்பன்பிஎஸ்டி பாதுகாப்பையே தலையாய நோக்கமாகக் கொண்டது. ஆயினும் அதன் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ ஓராண்டே பேணப்படும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஊக்கம் இல்லாதார்க்கு அப்பாதுகாப்பு நிலையாது.

புதியதும் விரைவானதும் சிறந்தவை அல்லவோ எனின், அல்ல. இல்லத்துச் சேவையகத்திற்கு வேகத்தினும் நிலைபேறே வேண்டற்பாலது. உரிமையாளரின் அறிவுக்கும் ஓய்வுநேரத்திற்கும் அடங்கும் முறைமையே அவர்க்குச் சிறந்தது.

எதனைத் தேரினும், ஆவணங்களின் படி ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். அப்படியிலிருந்து அவற்றை மீளப் பெறமுடிகின்றதா என்று இடையிடையே சோதித்தலும் வேண்டும். முறைமையை எப்பொழுதும் மாற்றலாம். பெற்றோரின் புகைப்படம் ஒருமுறை அழிந்தால் எம்முறைமையும் அதனைத் திருப்பித் தராது.