லாரி டிரைவருக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ்: புரோக்கரை கம்ப்யூட்டரில் சரி பார்க்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி, "பாட்டு கேட்டாச்சு, படம் பார்த்தாச்சு, வேறு என்ன உபயோகம்?" என்பதுதான். என்னிடம் இதைக் கேட்டவர் என் அக்கா வீட்டுக்காரர். பாம்பனில் மீன் லாரி ஓட்டுகிறார். ஐஸ் போட்ட மீனை ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் பாலத்தைத் தாண்டினால், திரும்ப மூன்று நாள் ஆகும்.

அவரிடம் ஒரு மெடிக்கல் பாலிசி இருந்தது. மூன்று வருடம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டினார். நெஞ்சு வலி என்று மதுரையில் சேர்த்தபோது, கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. சுகர் இருப்பதை விண்ணப்பத்தில் மறைத்துவிட்டார் என்பது காரணம். அவர் மறைக்கவில்லை. ஏஜென்ட், "சுகரெல்லாம் எழுத வேண்டாம்ணே, பிரீமியம் ஏறிடும்" என்று சொல்லித் தானே படிவத்தை நிரப்பினார். மச்சான் கையெழுத்து மட்டும் போட்டார். அக்காவின் வளையல் அடகுக்குப் போனது.

இப்போது இன்னொருவர் வந்திருக்கிறார். "நான் புரோக்கர், எல்லாக் கம்பெனி பாலிசியும் தருவேன்" என்கிறார். விசிட்டிங் கார்டை என் மேஜையில் வைத்து, "மாப்ளை, இந்தப் பெட்டியில பார்த்து இவரு நல்லவரான்னு சொல்லு" என்றார் மச்சான். நல்லவரா என்று கம்ப்யூட்டர் சொல்லாது. புரோக்கரா என்று சொல்லும்.

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்ட் என்பவர் கம்பெனியின் ஆள். தான் சேர்ந்திருக்கும் கம்பெனிகளின் பாலிசியை மட்டுமே விற்க முடியும். புரோக்கர் வாடிக்கையாளரின் சார்பில் செயல்படுபவர். பல கம்பெனிகளின் பாலிசிகளை ஒப்பிட்டுத் தர வேண்டும். இந்தியாவில் 2002ல் புரோக்கர்களுக்கான விதிமுறைகள் வந்தன. ஐதராபாத்தில் உள்ள ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் யாரும் இன்சூரன்ஸ் புரோக்கர் தொழில் செய்யக் கூடாது.

பிரவுசரைத் திறந்து, அட்ரஸ் பாரில் இர்டாய் டாட் ஜிஓவி டாட் இன் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். தளத்தில் பதிவு பெற்ற புரோக்கர்களின் பட்டியலைத் தேடி எடுக்கவும். நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும், மிரள வேண்டாம். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப் கீயைத் தட்டினால் ஒரு சிறிய கட்டம் வரும். அதில் கார்டில் உள்ள கம்பெனிப் பெயரின் முதல் சொல்லை மட்டும் டைப் செய்திடவும். முழுப் பெயரையும் அடித்து ஒரு எழுத்து பிசகினால் பெயர் இல்லை என்றே காட்டும். பெயர் கிடைத்தால் பதிவு எண், பதிவு நடப்பில் உள்ளதா, எந்தப் பிரிவு என்று பார்க்கவும். ரீஇன்சூரன்ஸ் மட்டும் செய்பவரால் நமக்குப் பயன் இல்லை.

எங்களிடம் இருந்த கார்டில் பதிவு எண்ணே இல்லை. பட்டியலிலும் பெயர் இல்லை. போன் செய்து கேட்டபோது, தான் ஒரு கம்பெனியின் ஏஜென்ட்தான் என்று ஒப்புக்கொண்டார். ஏஜென்டாக இருப்பதில் தவறே இல்லை. புரோக்கர் என்று சொன்னதுதான் தவறு.

பிறகு பட்டியலில் இருந்த ஒரு புரோக்கர் அலுவலகத்தை நாங்களே அழைத்தோம். இங்கே ஒரு விஷயம். புரோக்கர் அலுவலகங்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கும். நம் ஊரில் வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் பி.ஓ.எஸ்.பி. எனப்படும் விற்பனைப் பிரதிநிதி. பத்தாம் வகுப்பு படித்து, குறுகிய பயிற்சியும் தேர்வும் முடித்தவர். எளிய பாலிசிகளை மட்டும் விற்கலாம். அவரிடம் அடையாளச் சான்றைக் கேட்டு, அலுவலகத்துக்கு போன் செய்து உறுதி செய்துகொள்ளவும்.

வந்தவரிடம் மச்சான் முதலில் கேட்டது, "லாரிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, எனக்கு எதுக்கு?" என்பதுதான். டிரைவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. லாரி பாலிசியில் வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் வைத்திருக்கும் ஓனருக்கு உரியது. சம்பள டிரைவருக்கு விபத்து நேர்ந்தால் ஊழியர் இழப்பீடு பற்றிய சட்டம் உதவும். காய்ச்சல், நெஞ்சு வலி, கிட்னி கல் எதற்கும் லாரி பாலிசி ஒரு பைசா தராது.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், பிரீமியம் கட்டும் முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். 2012ல் தொடங்கிய இத்திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. மச்சானின் வருமானம் கொஞ்சம் கூடுதல், அதனால் அந்தக் கதவு மூடிவிட்டது.

நாங்கள் மூன்று கம்பெனிகளின் பாலிசிகளை ஒப்பிட்டு எழுத்தில் தரும்படி கேட்டோம். நல்ல புரோக்கர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். அதில் ஒன்றாவது ஆரோக்கிய சஞ்சீவனியாக இருக்கட்டும் என்றேன். 2020ல் வந்த இந்தப் பாலிசியின் நிபந்தனைகள் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான், பிரீமியம் மட்டும் மாறும். ஒப்பிட அது நல்ல அளவுகோல். ஆனால் கிளெய்மில் 5 சதவீதம் நாம் கட்ட வேண்டும்.

அடுத்து ஆஸ்பத்திரிப் பட்டியல். மச்சானுக்கு ராமநாதபுரமும் மதுரையும் மட்டும் போதாது. லாரி போகும் வழியில் எங்கெல்லாம் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம் என்று கம்பெனியின் தளத்தில் ஊர் ஊராகத் தேடிப் பிரிண்ட் எடுத்தோம். பாலிசியின் முக்கிய விவரத் தாளைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

விண்ணப்பத்தை இந்த முறை நான் வாசிக்க, மச்சான் பதில் சொன்னார். சுகர், மாத்திரை பெயர், மதுரை அட்மிஷன் எல்லாம் எழுதினோம். பிரீமியம் ஏறத்தான் செய்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். 2024க்கு முன் இது 48 மாதமாக இருந்தது. தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பது கொஞ்சம் ஆறுதல். "முதல் பிரீமியத்தில் பாதியை நான் திருப்பித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது சட்டப்படி தவறு. பணத்தைக் கம்பெனியின் பெயருக்கே செலுத்தவும்.

பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். கிளெய்மில் தகராறு என்றால் முதலில் கம்பெனிக்கு எழுதவும். பின் பீமா பரோசா தளத்தில் புகார் செய்யலாம், அல்லது 155255க்கு போன் செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார், கட்டணம் இல்லை. 2021 முதல் புரோக்கர் மீதும் அங்கே புகார் தரலாம். பழைய பாலிசி விவகாரத்தை அங்குதான் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

புதிய பாலிசியின் பி.டி.எஃப். ஃபைலை டெஸ்க்டாப்பில் தனி ஃபோல்டரில் வைத்து, இமெயிலிலும் ஒரு நகல் அனுப்பி வைத்தேன். ஒரு பிரிண்ட் லாரியில் ஆர்.சி. புக்கோடு இருக்கிறது. இன்னொன்றை அக்கா வாங்கி, அடகுச் சீட்டு வைத்திருக்கும் டப்பாவிலேயே வைத்துவிட்டாள்.