சான்றின் வழிச் செவிலியம்

நோயாளிக்கு ஆற்றும் ஒவ்வொரு பணியும் ஆய்வில் தேறிய சான்றின்மேல் அமைய வேண்டும் என்பது இன்றைய செவிலியக் கல்வியின் அடிப்படை. இதற்குப் படுக்கைப்புண் தடுப்பு நல்லதோர் எடுத்துக்காட்டு.

அசையாது படுத்திருப்போரின் உடலில், எலும்பு துருத்திய இடங்கள் தொடர்ந்து அழுத்தப்படுவதால் குருதியோட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகிறது. அவ்விடங்களில் ஸ்பிரிட், களிம்பு முதலியவற்றைத் தேய்ப்பது முற்கால வழக்கம். இங்கிலாந்துச் செவிலியர் டோரின் நார்ட்டன் தம் குழுவினருடன் மருத்துவமனை முதியோரிடையே இதனை ஆராய்ந்தார். 1962இல் வெளியான அவ்வாய்வு, பூச்சு மருந்துகளைவிட, நோயாளியை உரிய இடைவெளியில் புரட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தை நீக்குவதே பயன் தரும் எனக் காட்டியது.

அவர்கள் வகுத்த அளவுகோல் உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசைவுத்திறன், கழிவுக்கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் மதிப்பிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 20இல் 14 அல்லது அதற்குக் குறைவாகப் பெறுபவருக்குப் புண் வரும் வாய்ப்பு மிகுதி எனக் கருதப்பட்டது.

ஐயத்தைத் தெளிவான வினாவாக்குதல், முன்னைய ஆய்வுகளைத் தேடுதல், அவற்றின் நம்பகத்தன்மையைச் சோதித்தல், நோயாளியின் விருப்பமறிந்து செயற்படுத்துதல், விளைவை மதிப்பிடுதல் ஆகிய படிநிலைகளைச் செவிலிய மாணவர் பயில்கின்றனர். வழக்கம் என்பதற்காகவே பயனற்ற ஒன்றைப் பரிவோடு செய்தாலும், அதன் துன்பத்தைச் சுமப்பவர் நோயாளியே. ஆதலால் ஆய்வுமுறை அறிவும் செவிலியரின் கடமைகளுள் ஒன்றாகிறது.