பல்லுக்குள்ளே ஓர் உயிர்!

"அம்மா, ஐஸ் தண்ணி குடிச்சா பல்லு சுருக்குங்குதும்மா!"

எட்டு வயது மகள் இப்படிச் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்" என்றார் என் மாமியார். ஒரு கிராம்பை அடக்கிக் கொள்ளச் சொன்னார். நானும் சும்மா இருந்துவிட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன், சகோதரிகளே!

சுமார் ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது பால் பல் அல்ல. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய நிலைப்பல். என் மகளுக்குச் சொத்தை விழுந்தது அதில்தான்.

நாங்கள் இருப்பது அரியலூர். என் பிறந்த வீடு பெரம்பலூர். அங்கே போயிருந்தபோது ஒரு பல் டாக்டரிடம் காட்டினோம். "ரொம்ப ஆழமாப் போயிடுச்சு. வேர் சிகிச்சை பண்ணணும், இல்லேன்னா எடுத்துடணும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுடலாம்க்கா" என்று தம்பி எங்களைத் திருச்சிக்கு அழைத்துப் போனான்.

அந்த டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். பல்லைத் தட்டிப் பார்த்தார். குளிர்ச்சியை வைத்துப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"பல்லுக்கு நடுவிலே ரத்தமும் நரம்புமா பற்கூழ்னு ஒண்ணு இருக்கும்மா. அதுதான் பல்லோட உயிர். பல் முளைச்ச பிறகும் வேர் முழுசா வளர மூணு வருஷம் போல ஆகும். அதை வளர்க்கிறதே இந்தக் கூழ்தான். இப்பவே முழுசா எடுத்துட்டா, வேர் மெலிசாவே நின்னுடும். பின்னாலே பல் முறியலாம். கெட்டுப்போன மேல்பகுதியை மட்டும் எடுத்துட்டு மீதியைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

மரத்துப்போக ஊசி போட்டு, எச்சில் படாமல் ரப்பர் திரை கட்டினார். சொத்தையைச் சுரண்டி, கூழின் மேல்பகுதியை நீக்கினார். மருந்தில் நனைத்த பஞ்சை வைத்ததும் சில நிமிடங்களில் ரத்தம் நின்றது. அடியில் உள்ள கூழ் நன்றாக இருப்பதற்கு அது ஓர் அடையாளமாம். அதன்மேல் ஒரு மருந்தைப் பூசி, பல்லை இறுக அடைத்துவிட்டார்.

"அது என்ன மருந்து டாக்டர்?" என்று கேட்டேன்.

"உங்க ஊர் சரக்குதாம்மா... சிமெண்ட்!"

சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் திகைத்துப் போனார்! விளையாட்டில்லை. அமெரிக்காவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் தொராபிநெஜாத் குழுவினர் 1993-ல் அறிமுகப்படுத்திய 'எம்.டி.ஏ.' என்ற மருந்துக்கு அடிப்படையே போர்ட்லண்ட் சிமெண்ட்தான். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்ஸைடு சேர்த்திருக்கிறார்கள். ஈரத்திலேயே இறுகும். அதிலிருந்து கசியும் சுண்ணாம்புச் சத்து கிருமிகளை அடக்கும். கூழைத் தூண்டி, தன் மேலே தானே ஒரு கெட்டிச் சுவர் எழுப்ப வைக்கும். பின்னால் வந்த 'பயோடென்டின்' சுமார் 12 நிமிடத்திலேயே இறுகிவிடுகிறது. ஆனால் இவை மருத்துவத்துக்கென்றே சுத்தமாகத் தயாரித்தவை. வீட்டுச் சுண்ணாம்பையோ சிமெண்டையோ பல்லில் வைத்துவிடாதீர்கள், வெந்துவிடும்!

எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. குளிர் பட்டால் சுருக்கென்று வலித்து உடனே நின்றுவிட்டால் நம்பிக்கை அதிகம். ராத்திரியில் தானாகவே விண்விண்ணென்று வலித்தால் கூழ் அதிகம் கெட்டிருக்கலாம். அப்போதும் சில பற்களில் முயன்று பார்க்கலாம் என்று ஐரோப்பிய வேர் சிகிச்சை நிபுணர் சங்கம் 2019-லும், அமெரிக்கச் சங்கம் 2021-லும் சொல்லியிருக்கின்றன. பெரியவர்களுக்கும் இதைச் செய்கிறார்கள். கூழ் செத்து, ஈறில் சீழ்க்கட்டி வந்துவிட்டால் வேர் சிகிச்சைதான் வழி. அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே, ஒரு வருடம் கழித்து மறுபடி எக்ஸ்ரே. இரண்டையும் பக்கத்தில் வைத்து, வேர் வளர்ந்திருப்பதை டாக்டரம்மா காட்டியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. "இன்னும் வருஷா வருஷம் வந்து காட்டணும். ஒருவேளை பலிக்கலேன்னா வேர் சிகிச்சை இருக்கவே இருக்கு" என்றார்.

உங்கள் வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருக்கிறதா? இன்று ராத்திரி பல் தேய்த்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துக் கடைசிப் பல்லைப் பாருங்கள். கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால், என்னைப் போல் கிராம்பை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்!