குளத்துக்கு நாள் குறிப்பது யார்?

பிசான அறுவடை முடிந்து பங்குனி பிறந்ததும் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் ஏதாவது ஒரு குளத்துக்குள் மண் அள்ளும் இயந்திரம் இறங்கிவிடும். மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்கை முடிக்க வேண்டிய அவசரம் அதன் ஓட்டத்திலேயே தெரியும். அப்படியொரு வேலை நடந்தபோது தென்கால் பாசனத்தில் உள்ள ஒரு குளக்கரையில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். வேலை விவரப் பலகை கரையின் ஒரு கோடியில் நட்டிருந்தது. மதிப்பீட்டுத் தொகை, முடிக்க வேண்டிய தேதி, பயன்பெறும் ஆயக்கட்டு இத்தனை ஏக்கர் என்று எழுதியிருந்தார்கள். பயன்பெறும் மக்கள் எத்தனை பேர் என்பதற்கு அதில் வரி இல்லை.

கரைக்குக் கீழே, குளம் உடைந்தால் முதலில் தண்ணீர் ஏறும் பள்ளத்தில்தான் நம் மக்களின் தெரு. அங்கிருந்து வந்த, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா சொன்னார்: “என்ன வேலை நடக்குன்னு எங்ககிட்ட யாரும் சொல்லல. வண்டிச் சத்தம் கேட்டுத்தான் தெரியும். எங்க அய்யா காலத்துல இந்தக் குளத்துல மண்ணு சுமந்ததே நாங்கதான்.”

அவர் சொன்னது பெருமையும் அல்ல, புலம்பலும் அல்ல. நீர்நிலை மீட்பு என்ற பெயரில் கோடிகள் ஒதுக்கப்படும் இந்தக் காலத்தில், எந்தக் குளத்தை எப்போது எடுப்பது, எவ்வளவு செலவிடுவது, யாரைக் கேட்டு முடிவெடுப்பது என்ற மூன்று கேள்விகளும் அதற்குள் இருக்கின்றன. மூன்றிலும் இன்றுவரை நமக்கு இடமில்லை.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி, ஸ்ரீவைகுண்டம். வெள்ளையர் ஆட்சியில் 1873-இல் கட்டி முடிக்கப்பட்டது. வடகால், தென்கால் என்ற இரு வாய்க்கால்கள் வழியே கடம்பாகுளம், பெருங்குளம் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட குளங்களுக்குத் தண்ணீர் போகிறது. பாசனம் 25 ஆயிரம் ஏக்கருக்கும் மேல். கடைசி அணை என்பதால் மேலே மிஞ்சியதுதான் இங்கே வரும். மழைக்காலத்தில் வருவதைத் தேக்கி வைக்கவும் வழியில்லாமல் மணலும் வண்டலும் மேடிட்டு, சீமைக்கருவேலம் காடாகிக் கிடந்தது அணை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்ட பிறகுதான் 2015 ஜூலையில் தூர்வாரும் வேலை தொடங்கியது. தொடங்கியதும் சண்டையும் தொடங்கியது. அள்ளுவது வண்டலா, விலைபோகும் மணலா என்று விவசாயிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அள்ளும் வேலை யாருக்கு, எத்தனை நாளுக்கு என்று கேட்க அந்தக் களத்தில் யாரும் இல்லை. நாமும் கேட்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நாள் குறிக்கும் விஷயத்தை முதலில் பார்ப்போம். இந்த வட்டாரத்தில் குளத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு. கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பிசானம் அறுத்து முடிய மாசி, பங்குனி. ஆக, குளம் வற்றி மண் வெட்டத் தோதான காலம் பங்குனி முதல் வைகாசி வரைதான். அரசின் நாட்காட்டி ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அறிவிப்பு, மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி என்று கோப்பு நகர்ந்து பணம் வரும்போது குளம் நிரம்பிக் கிடக்கும். தண்ணீர் வற்றும்போது நிதியாண்டு முடிந்துவிடும். நடுவில் கிடைக்கும் சில வாரங்களில் கரையோரம் சுரண்டி, கரையைச் சீவிப் பளபளப்பாக்கிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மடை பழுதாகவே இருக்கும், வரத்துக்கால் அடைந்தே கிடக்கும்.

பெரிய ஈரநிலங்களை மீட்டவர்கள் இப்படி அவசரப்படவில்லை. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு 1992-இல் தனி ஆணையம் அமைத்தார்கள். மண் எங்கிருந்து வருகிறது, கடல்நீர் எந்த வழியாக உள்ளே போகிறது என்று பல ஆண்டுகள் ஆய்ந்து, 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். சீர்கெட்டு வரும் ராம்சர் தலங்களின் பட்டியலிலிருந்து 2002-இல் சிலிகா நீங்கியது. ஒரு ஏரிக்குப் பத்தாண்டு. நம் குளங்களுக்கு ஒரு மார்ச் மாதம்!

பணத்துக்கு வருவோம். தமிழ்நாடு ஈரநிலங்கள் இயக்கம் 100 ஈரநிலங்களை ஐந்தாண்டுகளில் மீட்க 115.15 கோடி ரூபாய் என்று திட்டமிட்டது. வகுத்துப் பார்த்தால் ஓர் ஈரநிலத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 23 லட்சம். தாமிரபரணி வெள்ள நீரைச் சாத்தான்குளம் பக்கம் கொண்டுபோகும் நதிநீர் இணைப்புத் திட்டமோ 2009-இல் 369 கோடியில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் திறக்கும்போது ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. அந்தத் திட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, வறண்ட பகுதிக்குத் தண்ணீர் போகட்டும். காங்கிரீட் கால்வாய்க்குப் பதினைந்து ஆண்டுப் பொறுமையும் மும்மடங்கு பணமும் கிடைக்கும்போது குளத்துக்குக் கிடைக்காதது ஏன் என்பதே கேள்வி.

விடை சட்டத்திலும் கொஞ்சம் இருக்கிறது. ஒன்றிய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. கூந்தன்குளத்தைப் போல ராம்சர் பட்டியலில் ஏறிய குளங்கள் தப்பித்தன. மற்றவை பாசனக் கணக்கிலேயே நிற்கின்றன. பாசனக் கணக்கு என்றால் ஆயக்கட்டு ஏக்கர், ஆயக்கட்டு என்றால் பட்டா. பட்டா யாரிடம் இருக்கிறது என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நிலம் உள்ளவருக்குக் குளம் ஒரு தண்ணீர்த் தொட்டி. மடை திறந்து வயலுக்கு வந்தால் போதும். நிலமற்றவருக்குத்தான் குளம் முழுமையாக ஈரநிலம். மீனும் நத்தையும் அங்கே. ஆரைக்கீரை, கொட்டிக்கிழங்கு, பாய்க்குக் கோரை, ஆட்டுக்குப் புல், அடுப்புக்கு முள், சுவருக்கு மண் எல்லாம் அங்கே. பஞ்ச காலத்தில் குளத்துக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஒரே சீராக ஆழப்படுத்தி நாலு பக்கமும் கரையைச் செங்குத்தாக நிமிர்த்தினால் தொட்டி கிடைக்கும். கோரை நிற்கும் சதுப்பும் நாரை நிற்கும் மேடும் போய்விடும். அந்த இழப்பு மதிப்பீட்டில் வராது. ஏனென்றால் அதை இழப்பவர்கள் மதிப்பீட்டில் இல்லை.

குடிமராமத்து என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்கு நெஞ்சு குளிர்கிறது. 2017-இல் அந்தப் பெயரில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை அரசு அறிவித்தது. பாசனதாரர் பத்து சதவீதப் பங்கு தர வேண்டும் என்பது ஏற்பாடு. பங்கு தருபவரே பேசுபவர் ஆனார். 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் நிலவுடைமையாளர்களின் சங்கங்களே. பழைய குடிமராமத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று இருந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் மக்களை வேலைக்கு இழுத்து வரலாம். ‘குடி’ யாருடையதோ, கூடை நம்முடையது. மடை திறக்கவும் அடைக்கவும் நீச்சல் தெரிந்து உள்ளே இறங்கியவன் மடைக்குடும்பன். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவனுக்கு அத்துப்படி. அறிவு அவனிடம் இருந்தது, அதிகாரம் வரப்பில் குடை பிடித்து நின்றது.

2023 டிசம்பரில் என்ன ஆயிற்று என்று பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை நாடே பார்த்தது. பள்ளத்துத் தெருக்களில் சுவர் கரைந்து, அரிசியும் சான்றிதழும் சேற்றோடு போனதைப் பார்க்க அத்தனை கேமராக்கள் வரவில்லை. கடுமையாகப் பாதித்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். குளம் பழுதானால் முதல் அடி யாருக்கு என்று அந்த இரவு காட்டியது. அப்படியானால் எந்தக் குளத்தை முதலில் எடுப்பது என்ற வரிசையில் ஏக்கர் கணக்கோடு, கரைக்குக் கீழே எத்தனை வீடுகள் என்ற கணக்கும் வர வேண்டாமா?

மீட்பு என்றாலே நமக்கு ஒரு நடுக்கமும் உண்டு. கூவத்தை மீட்கிறோம் என்று கரையோரக் குடும்பங்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதுவே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். நம் ஆற்றின் தலைமாட்டில் மாஞ்சோலை. 1929-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். காடு எப்போது திரும்பும் என்பதற்குத் தேதி இருந்தது. தலைமுறைகளாகத் தேயிலை கிள்ளிய தொழிலாளர் எங்கே போவார் என்பதற்கு இல்லை. 2024 ஜூனில் வேலை நின்றது. அந்தத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23-இல் நெல்லையில் ஊர்வலம் போன 17 பேரின் உயிர் தடியடியில் இதே தாமிரபரணிக்குள் போனது. இந்த ஆற்றை மீட்பது பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் அதை மறந்துவிட்டு நம்மால் உட்கார முடியாது.

1927-இல் மகத் சவுதார் குளத்தில் இறங்கி நீரள்ளிக் குடித்த அம்பேத்கரை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் பாசனத் துறையைக் கையில் வைத்திருந்து, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளமிட்டு, இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அமைப்பை 1945-இல் உருவாக்கிய அம்பேத்கரை அவ்வளவாகப் பேசுவதில்லை. குளத்தில் இறங்கும் உரிமையோடு அவர் நிற்கவில்லை. நீரைத் திட்டமிடும் நாற்காலியிலும் உட்கார்ந்தார்.

நமக்கு வேண்டியதும் அந்த நாற்காலிதான். தை மாதத்துக்குள் மதிப்பீடு முடிந்து, பங்குனியில் பணம் கையில் இருக்க வேண்டும். ஒரு குளத்தை மூன்று கோடைகளாகப் பிரித்து எடுக்கலாம். ஒரு பகுதியில் வேலை நடக்கும்போது மறுபகுதி மீனுக்கும் பறவைக்கும் மிஞ்சும். கனமான வேலைக்கு இயந்திரம் வரட்டும். வரத்துக்கால் சுத்தம், முள் அகற்றல், கரை மராமத்து ஆகியவை உள்ளூர்க் கைகளுக்கு வரட்டும். நூறு நாள் வேலைத் திட்டம் ஒப்பந்ததாரரை அனுமதிக்கவில்லை, குளம் தூர்வாருவதை அனுமதித்தது. 2024-25-இல் நாள் ஊதியம் 319 ரூபாய். (நூறு நாள் வேலை என்றால் மரத்தடியில் உட்காருவது என்று கேலி பேசுபவர்கள் ஒரு சித்திரை வெயிலில் குளத்துக்குள் இறங்கிப் பார்க்கலாம்.) மீன் குத்தகையில் நிலமற்ற பெண்களின் குழுக்களுக்கு முன்னுரிமை வேண்டும். பொதுவாகச் செலவிட்ட தொகையில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டச் செலவாகக் காகிதத்தில் காட்டுவதை இத்தோடு விட வேண்டும். 2024-இல் சட்டமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. எந்தக் குளம், எந்தத் தெரு, எத்தனை ரூபாய் என்று காட்டச் சொல்வோம்.

2011 முதல் தை மாதங்களில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளைத் தன்னார்வலர்கள் எண்ணி வருகிறார்கள். நல்ல காரியம். ஒவ்வொரு குளத்தையும் நம்பி எத்தனை நிலமற்ற குடும்பங்கள் இருக்கின்றன என்பதை எண்ணுவதற்கும் ஒரு தை மாதம் போதும். நம் இளைஞர்கள் செய்யக்கூடியதே.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை கூடும் நாள். அன்றைக்கு நம் தெருவிலிருந்து பத்துப் பேராவது போவோம். குளத்து வேலையின் மதிப்பீட்டைச் சபையில் படித்துக் காட்டக் கேட்போம். எந்த வாரம் தொடங்கும், எத்தனை பேருக்கு வேலை, மீட்புக் குழுவில் நிலமற்றவர் யார் என்ற மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்வோம். தீர்மானத்தின் நகலைக் கையோடு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.